மூடி வைத்த மின்னல் – 9: மூச்சு விடும் பேட்டரி

அம்மாவின் காது மெஷினுக்கு வாங்கும் பட்டன் பேட்டரியின் முதுகில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதை உரித்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகுதான் மெஷினில் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் யார் கண்ணாடியைத் தேடி உரிப்பது என்று ஒருநாள் அட்டையில் இருந்த ஆறையும் உரித்து டப்பாவில் போட்டுவிட்டார் அம்மா. இரண்டு மாதம் கழித்து எடுத்தால் ஒன்றிலும் உயிரில்லை. பழி கடைக்காரர் மேல் விழுந்தது. பாவம், அவர் நிரபராதி.

ஸ்டிக்கருக்கு அடியில் ஊசித் துளைகள் உண்டு. உள்ளே துத்தநாகத் தூள். அதோடு வினைபுரிய வேண்டிய ஆக்சிஜன் மட்டும் உள்ளே கிடையாது. அறைக் காற்றிலிருந்து வர வேண்டும். வந்தால் 1.4 வோல்ட். கூட்டாளியைச் சுமக்காததால் துத்தநாகத்தை நிறைய அடைக்க முடிகிறது: கிலோவுக்கு 1,086 வாட்-மணி என்பது ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது அதில் ஒரு பங்குதான்.

ஆனால் காற்று வரும் வழியாகவே ஈரம் வெளியேறும். கார்பன் டை ஆக்சைடும் நுழைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கார்பனேட்டாக மாற்றித் துளைகளை அடைக்கும். அம்மாவின் டப்பாவில் நடந்தது இதுதான்.

இதையே சட்டைக் கையில் தைக்கும்படி வளைய வைக்க வேண்டுமென்றால்? ஒருபுறம் துத்தநாகத் தகடு, மறுபுறம் காற்றை விடும் கரித்துணி. நடுவில் ஒழுகும் திரவத்துக்குப் பதில் நுங்கு போன்ற ஒரு ஜெல். முதலில் பயன்பட்ட பாலிவினைல் ஆல்கஹால் ஜெல், வெயிலில் வைத்த நுங்கு போலவே காய்ந்து சுருங்கியது. 2018இல் ஹாங்காங்கில் ஜி சுன்யியின் குழு சோடியம் பாலிஅக்ரிலேட்டை ஜெல்லாக்கி ஆயுளை நீட்டியது. குழந்தைகளின் டயாப்பரில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் இதே பொருள்தான்.

அடுத்தது செலவு. ஆக்சிஜன் சோம்பேறி, பிடித்து உலுக்க வினையூக்கி வேண்டும். உலுக்குவதில் பிளாட்டினம் கெட்டிக்காரன், விலைதான் கட்டாது. காது மெஷின் பட்டனுக்குக் கரியில் கலந்த மாங்கனீசு டை ஆக்சைடே போதும். அதைவிட வேகம் தேடியவர்களுக்கு வழி காட்டியது நம் ரத்தம் என்றே சொல்வேன். ஹீமோகுளோபினில் ஓர் இரும்பு அணுவை நான்கு நைட்ரஜன்கள் சூழ்ந்திருக்கும். ஆக்சிஜன் போய் ஒட்டுவது அந்த இரும்பில். 1964இல் ஜாசின்ஸ்கி என்ற ஆய்வாளர், இதே போல நான்கு நைட்ரஜன்கள் உலோகத்தைச் சூழ்ந்த வளையமான கோபால்ட் தாலோசயனின் என்ற மூலக்கூறு ஆக்சிஜன் மின்வாயாக வேலை செய்வதை 'நேச்சர்' இதழில் எழுதினார். அச்சகத்து நீல மையில் இருக்கும் அதே வளையம்; நடுவில் செம்புக்குப் பதில் கோபால்ட்.

வளையத்தைச் செய்வதும் செலவுதானே? 1989இல் எர்னஸ்ட் ஈகரின் குழு அதையும் தூக்கிப் போட்டது. உலோக உப்பு, நைட்ரஜன் உள்ள பாலிமர், கரி – மூன்றையும் சேர்த்துச் சுட்டால் போதும், ஏறக்குறைய அதே பலன். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சமையல் குறிப்பு இது. இன்றைய மலிவு வினையூக்கிகளில் பல இந்த அடுப்பில் வந்தவையே.

சிக்கல் சார்ஜ் ஏற்றும்போது வரும். மூச்சை இழுத்த அதே மின்வாய் இப்போது ஆக்சிஜனை வெளியே தள்ள வேண்டும். அதற்கு நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு போல வேறொரு ஊக்கி தேவை. போதாததற்கு அந்த மின்னழுத்தத்தில் கரியே அரிக்கப்படுகிறது. சுமார் 2 வோல்ட் கொடுத்து ஏற்றினால் திரும்பக் கிடைப்பது 1.2 வோல்ட். நூறு ரூபாய் போட்டு அறுபது எடுக்கும் வியாபாரம்.

இதற்கிடையே, கரைந்த துத்தநாகம் தகட்டில் திரும்பப் படியும்போது சமமாகப் படியாமல் முள் முள்ளாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொடப் பார்க்கும். அந்த முட்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)