உங்களுக்குத் தெரியுமா? கோல் அடிக்கும் பெண்கள்

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் விடுதிகளில் தங்கிப் படிக்கும் பெண் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இந்த முறை துணுக்குகளைத் திரட்டினேன். ஜவ்வாது மலையில் பந்து கிடைத்தால் விடாமல் உதைக்கும் பிள்ளைகளும், அவர்களுக்கு விசில் ஊதும் ஆசிரியர்களும் படித்துவிட்டுப் பக்கத்து ஊருக்கும் கொடுங்கள்.

*

இந்திய அணிக்கு ஆடிய முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர். கடலூரில் அரசு இல்லத்தில் தங்கி வளர்ந்தவர். அங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமியில், பயிற்சியாளர் மாரியப்பனிடம் ஆட்டம் பழகினார்.

2023 மே 21, அகமதாபாத். இந்திய மகளிர் லீக் இறுதிப் போட்டியில் கோகுலம் கேரளாவும் பெங்களூரின் கிக்ஸ்டார்ட்டும் மோதின. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முதல் கோல் விழுந்தது. அடித்தவர் சந்தியா. இரண்டாவது கோல் இந்துமதி கதிரேசனுடையது. அவரும் கடலூர்க்காரர், அதே அகாடமியின் பிள்ளை. கோகுலம் 5-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. இந்தியாவின் பெரிய லீகில், இறுதிப் போட்டியின் முதல் இரண்டு கோலும் ஒரே ஊர் மைதானத்தில் ஆடிப் பழகிய இரண்டு பெண்களின் கால்களிலிருந்து வந்தன!

சந்தியாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஜவ்வாது மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள்தாம் எனக்கு நினைவுக்கு வரும். வீட்டில் இருக்கும் பெண்ணைச் சாயங்காலம் தண்ணீருக்கு அனுப்புவார்கள், ஆடு ஓட்டிவரச் சொல்வார்கள், தம்பியைத் தூக்கி இடுப்பில் வைப்பார்கள். விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் அவளுடையது, கூட ஆட இருபது தோழிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஓர் அணிக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மீதி ஒரு பயிற்சியாளரும் நாலைந்து நல்ல பந்துகளும்தான்.

*

இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் காவல் பணியில் நின்றார். 2022-இல் இந்தியாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் இருந்தார். விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு என்பதை, மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் அப்பா அம்மாவிடம் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

*

ஃபார்வர்ட், அதாவது முன்கள வீராங்கனை, என்றால் கோல் அடிப்பவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 90 நிமிட ஆட்டத்தில் பந்து அவர் காலில் இருப்பது மொத்தமாகச் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் என்ன செய்கிறார்?

எதிரணியின் கடைசி டிஃபெண்டரின் தோளை ஒட்டி நிற்கிறார். நடக்கிறார், இரண்டு அடி பின்வாங்குகிறார், மறுபடி ஒட்டுகிறார். நடுக்களத்தில் தோழி பந்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து தலை நிமிரும் அந்த நொடியில் பாய வேண்டும். பந்து காலை விட்டுக் கிளம்பும்போது அரை அடி முந்தியிருந்தால் ஆஃப்சைடு கொடி மேலே போகும். பிந்தினால் டிஃபெண்டர் திரும்பிக் குறுக்கே வந்துவிடுவார். ஓடும்போதே தலை தூக்கி முன்னால் ஒரு பார்வை, கோல்கீப்பர் எங்கே நிற்கிறார் என்று. முதல் தொடுதலில் பந்து தனக்கு முன்னால், அடிக்கத் தோதான தூரத்தில் விழ வேண்டும். அது காலுக்கடியில் சிக்கினால் வாய்ப்பு போயிற்று. பத்து முறை இப்படி ஓடினால் இரண்டு முறை பந்து வரலாம். வராத எட்டு முறையும் அதே வேகத்தில் ஓடுபவரைத்தான் பயிற்சியாளர்கள் அணியில் வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை டிவியில் ஆட்டம் பார்க்கும்போது, ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, ஃபார்வர்ட் வழக்கமாக அணியும் 9-ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்க, பெரிய கிளப்புகளில் மேட்டில் ஏறி ஓடும் பயிற்சி தருவார்கள். சமவெளியில் அதற்கு மேடு தேட வேண்டும். ஜவ்வாது மலையில் அந்தக் கவலை இல்லை.

*

பெண்கள் ஆடும் பந்து சிறியது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. அதே 5-ஆம் எண் பந்து: சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். கோல் போஸ்ட்டும் அதேதான், 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஆனால் 1991-இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையில் ஆட்டத்தை 80 நிமிடத்தோடு முடித்துவிட்டார்கள். அதன் பிறகு 90 நிமிடம்தான்.

*

தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப் என்றாலே பல ஆண்டுகள் மணிப்பூர் என்றுதான் அர்த்தம். அந்த மணிப்பூரை 2018-இல் கட்டாக்கில் இறுதிப் போட்டியில் வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையை வென்றது. 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை 2-1 என்று வென்று இரண்டாவது கோப்பை. இடையே 2019-இல் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்திய மகளிர் லீகையே வென்றது. கிரிக்கெட்டில் இதில் பாதி நடந்திருந்தாலும் ஊரெங்கும் ஃப்ளெக்ஸ் வைத்திருப்பார்கள்.

*

1921 டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. கூட்டம் வரவில்லை என்பதாலா? அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் உள்ளே வந்திருந்தார்கள். பல்லாயிரம் பேர் இடமில்லாமல் வெளியே நின்றார்கள். அந்த அணியின் இடப்பக்க முன்கள வீராங்கனை லில்லி பார், 14 வயதில் ஆடத் தொடங்கியவர். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். தடை நீங்க 1971 வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆயிற்று. பிரேசிலிலும் 1941 முதல் 1979 வரை பெண்கள் ஆடத் தடை இருந்தது. அதே பிரேசிலின் மார்த்தாதான் பிறகு உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்தார்.

*

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடிப் பெண் பியாரி ஷாஷா, 2025 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மங்கோலியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல் அடித்தார். இந்தியா 13-0. அடுத்த மாதம் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்கள வீராங்கனை சௌம்யா குகுலோத், தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்தில் தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்பில் பிறந்தவர். குரோஷியாவின் டினாமோ ஜாக்ரெப் வரை போய் ஆடியிருக்கிறார்.

ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்து அஸ்தம் ஒராவ்ன் முன்கள வீராங்கனை அல்ல. ஆனாலும் அவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் கேப்டன் அவர். அவருடைய கிராமத்துக்கு அவர் பெயரில் சாலை போட்டது அரசு. அந்தச் சாலைக்கு மண் சுமந்த கூலியாட்களில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

*

இந்திய மகளிர் லீக் 2017-இல் டெல்லியில் 6 அணிகளோடு தொடங்கியது. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. அப்போது 7 அணிகள், அணிக்கு 12 ஆட்டம். அதே பருவத்தில் இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீகில் அணிக்கு 22 ஆட்டம். கோல் அடிக்கும் பழக்கம் ஆட்டங்களில்தான் கைவரும், பயிற்சி மைதானத்தில் மட்டும் வராது. 12 ஆட்டம் ஒரு ஃபார்வர்டுக்குப் போதவே போதாது. அணிகளின் எண்ணிக்கை கூட வேண்டும், கீழே மாவட்ட லீகுகள் ஒழுங்காக நடக்க வேண்டும். லீகில் ஆடும் ஒப்பந்த வீராங்கனைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-இல் அறிவித்தது. மாதத்துக்கு 27,000 ரூபாயைத் தொடவில்லை. இதைத் தொடக்கம் என்று ஏற்கலாம், போதும் என்று ஏற்க முடியாது.

*

2021 நவம்பர், பிரேசிலின் மனாவுஸ் நகரம். பிரேசிலிடம் இந்தியா 1-6 என்று தோற்ற ஆட்டம்தான். ஆனால் அந்த ஒரு கோல்? பாதி மைதானத்தைத் தனியே கடந்து மனிஷா கல்யாண் அடித்தது. அப்போது அவருக்கு வயது 19. மறு ஆண்டே சைப்ரஸின் அப்பொலோன் அணிக்காக ஆடி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

*

மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் போட்டார். கொடுத்தது 10-ஆம் எண் சட்டை. அந்த டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக அங்கே தன் முதல் கோலை அடித்தார். பிறகு முழங்கால் தசைநார் கிழிந்தது. வீராங்கனைகளுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது. குணமாகி மீண்டும் ஓட மாதக்கணக்கில் ஆகும். பலருடைய ஆட்டம் அதோடு முடிந்தும் போகும். பாலா தேவி ஊர் திரும்பினார், மறுபடி ஆடினார், இந்திய அணிக்கும் திரும்பினார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் அடித்தது இந்தியாவுக்காக அவருடைய 50-ஆவது கோல். இந்தியப் பெண்களில் வேறு யாரும் அந்த எண்ணை அதற்கு முன் தொட்டதில்லை. அன்று அவருக்கு வயது 34.