வீடு கணவர் பேரில் இருந்தால் மனைவிக்குப் பங்கு இல்லையா?



சில மாதங்களுக்கு முன்பு கிள்ளான் பக்கமிருந்து ஒரு அக்கா என்னைப் பார்க்க வந்தார். இருபத்தெட்டு வருஷக் குடும்பம். விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடியவர். பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைக்கு உரம் போட்டார். தோட்டம் கைமாறியபோது கணவர் தன் பேரில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். இப்போது மணவிலக்கு வேண்டுமாம். "வீடு என் பேர்ல இருக்கு, நீ வெளியே போ" என்கிறாராம்.

"போயிட வேண்டியதுதானா தம்பி?" என்று கேட்டார்.

"போகாதீங்க அக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

முஸ்லிம் அல்லாத நமக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் அது நடப்பில் உள்ளது. (முஸ்லிம் சகோதரர்களின் வழக்கு ஷரியா கோர்ட்டுக்குப் போகும்.) மணவிலக்கு கொடுக்கும்போது குடும்பச் சொத்தைப் பங்கிடும் அதிகாரம் அச்சட்டத்தின் 76ஆம் பிரிவில் இருக்கிறது. கிராண்டில் யார் பேர் என்பது மட்டும் கணக்கல்ல.

முன்பெல்லாம் ஒருவர் மட்டும் சம்பாதித்து வாங்கிய சொத்தில் அவருக்கே பெரிய பங்கு என்று சட்டம் சொன்னது. 2018 டிசம்பர் 15 முதல் அந்த வரி இல்லை. யார் எவ்வளவு பணமும் உழைப்பும் போட்டார், வீட்டையும் பிள்ளைகளையும் யார் பார்த்தார், குடும்பத்துக்காக வாங்கிய கடன் என்ன, சின்னப் பிள்ளைகளின் தேவை என்ன, எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள் என்று பார்த்து, சரிபாதி பக்கம் சாயவேண்டும் என்கிறது சட்டம். சோறாக்கியதும் துணி துவைத்ததும் உழைப்புதான்! ஆனாலும் எல்லா வழக்கிலும் பாதி நிச்சயம் என்று எண்ணிவிடாதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பே கணவருக்கு இருந்த வீடானாலும், இருவரும் சேர்ந்து கூடம் இழுத்து, அடுப்படி கட்டிப் பெருக்கியிருந்தால் அதையும் கோர்ட்டு பார்க்கும். தோட்டத்து லயத்து வீடு மட்டும் பங்குக்கு வராது. அது நிர்வாகத்தின் சொத்து.

நம்மவர்கள் ஏமாறுவது எங்கே? கோயிலில் தாலி கட்டியதோடு சரி, ரெஜிஸ்டர் செய்வதில்லை. 1982 மார்ச் 1க்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்கிறது. அதன் பிறகு நடந்ததற்குப் பத்திரம் இல்லையென்றால், பங்கு கேட்பதற்கு முன்னே மனைவி என்று நிரூபிக்கவே போராட வேண்டும். பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போதே பதிவுக்கும் நாள் குறியுங்கள்.

இருவரும் சம்மதித்தால் நேரே ஹைகோர்ட்டில் மனு போடலாம். ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் தேசியப் பதிவிலாகா வழியாகச் சமரசக் குழுவுக்கு முதலில் போகவேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையா? அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் விசாரியுங்கள்.

திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, வீட்டுத் தவணை ரசீது, நகை அடகுச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். புரியாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

அந்த அக்காவின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. தவணை கட்டிய ரசீதுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். பாதிக்கு மேல் அவர் கட்டியவை!