பின்பலகை ‘பொத்’தென்று கேட்கிறதா? பழைய ஃபைபர் படகுக்கு வைத்தியம்!

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. பழைய படகுகளில் அடிக்கடி கெடும் இடம், எஞ்சின் மாட்டும் பின்பலகை. வெளியே ஃபைபர் பளபளத்தாலும், பல படகுகளில் உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் துளை வழியாகக் கசியும் நீர் அதை இற்றுப்போகச் செய்யும். கவனிக்காமல் விட்டால், நடுக்கடலில் எஞ்சினோடு பலகையே பெயர்ந்துவிடலாம்.

கண்டறிவது எப்படி?

சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கணீரென ஒலிக்கும், இற்ற இடம் ‘பொத்’தென்று கேட்கும். எஞ்சினைத் தூக்கி நிறுத்தி அழுத்தும்போது பலகையும் அசைகிறதா, மூலைகளில் கீறல் உண்டா என்று கவனியுங்கள். சந்தேகம் தீராவிட்டால், உள்பக்கம் அடியில் சிறு துளை போடுங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் அங்கே மரம் போய்விட்டது. உலர்ந்து வெளிறி வந்தால், துளையை ரெசினால் அடைத்துவிடலாம்.

சரிசெய்வது எப்படி?

எஞ்சினை இறக்கி, வெளி ஓட்டைத் தொடாமல் உள்பக்க ஃபைபரை வெட்டி, இற்ற மரத்தை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். நன்கு காய்ந்தபின் உட்பரப்பைத் தேய்த்து, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டைப் பழைய கனத்துக்கே ரெசினில் ஒட்ட வேண்டும். அதன்மேல், பக்கச் சுவரிலும் அடித்தளத்திலும் படியுமாறு ஃபைபர் மேட் அடுக்க வேண்டும். போல்ட் துளைகளைப் பெரிதாக்கி, ரெசினால் நிரப்பி, இறுகியபின் மீண்டும் துளையிட்டு, சீலன்ட் பூசி முடுக்கினால் நீர் இறங்காது.

எச்சரிக்கை!

கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கலாம். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, முகத்துக்குக் கவசம் கட்டாயம்.