பெயரை மறைக்கும் பெயர்

பைத்தான் மொழியில் ‘ஓப்பன்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கோப்பு திறக்கும். அதே நிரலின் தொடக்கத்தில் ‘ஃப்ரம் ஓஎஸ் இம்போர்ட் *’ என்று ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய வரி, ‘ஃபிளாக்ஸ்’ என்ற உள்ளீடு இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும்.

பைத்தானோடு வரும் ஓஎஸ் தொகுதிக்குள்ளும் ‘ஓப்பன்’ என்றொரு செயற்கூறு இருப்பதுதான் காரணம். அது வேறு வேலை செய்வது. கோப்பைத் திறந்து வெறும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். தொகுதியின் பெயர்களை மொத்தமாக வரவழைக்கும் நட்சத்திரக் குறி அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பைத்தான் ஒரு பெயரை முதலில் செயற்கூற்றுக்குள் தேடும். பிறகு அதைச் சூழ்ந்த செயற்கூறுகளில், அடுத்து அந்தக் கோப்பின் பொதுப் பெயர்களில், கடைசியாகத்தான் மொழியோடு பிறந்த பெயர்களில். வழியில் முதலில் அகப்படுவதே செல்லும். பழைய ‘ஓப்பன்’ அழியவில்லை, மறைந்திருக்கிறது. ‘டெல் ஓப்பன்’ என்று எழுதினால் மீண்டும் வெளிப்படும்.

பிழை காட்டி நிற்பது நல்லது என்பேன். பிழையே காட்டாத மறைப்புதான் ஆபத்து. மேத், சிமேத் இரண்டு தொகுதிகளிலும் வர்க்கமூலம் காணும் ‘எஸ்க்யூஆர்டி’ உண்டு. இரண்டையும் நட்சத்திரக் குறியோடு வரவழைத்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். எதிர்ம எண்ணைக் கொடுத்தால் மேத் மறுத்துவிடும். சிமேத் கற்பனை எண் ஒன்றை விடையாகத் தரும். கணக்கு தடம் மாறியது யாருக்கும் தெரியாது.

கோப்புப் பெயரும் இப்படி மறைக்கும். பயிற்சிக்கு எழுதிய நிரலை ‘ரேண்டம்.பிஒய்’ என்று சேமித்தால், உண்மையான ரேண்டம் தொகுதிக்குப் பதில் அதுவே வந்து நிற்கும். 2024இல் வந்த பைத்தான் 3.13, இந்தச் சிக்கலை ஊகித்துப் பெயரை மாற்றச் சொல்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் கண்டிப்பானது. இறக்குமதி செய்த பெயரையே அந்தத் தொகுதியின் மேல்மட்டத்தில் மறுபடி அறிவித்தால் நிரல் ஓடவே தொடங்காது. செயற்கூறு போன்ற உள்வட்டங்களுக்குள் மட்டும் மறைக்க விடும். இதுவே சரியான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

ஒரே ஊரில் இரண்டு முருகன்கள் இருந்தால் இனிஷியல் போட்டுத்தானே அழைக்கிறோம்? ‘ஓஎஸ்.ஓப்பன்’ என்று தொகுதியின் பெயரோடு எழுதுவது அப்படித்தான். பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8உம் நட்சத்திர இறக்குமதியைத் தவிர்க்கச் சொல்கிறது. புதிதாகக் கற்பவர்கள் முதல் நாளிலிருந்தே தேவையான பெயர்களை மட்டும், ஒவ்வொன்றாக எழுதி வரவழையுங்கள்.