நொய்யலில் இரண்டு படகு

யூதர்களின் வேதத்தில் உபாகமம் என்று ஒரு புத்தகம். அதன் 16-ஆம் அதிகாரத்தில் நீதிபதிகளுக்கு அட்வைஸ் வருகிறது: லஞ்சம் வாங்காதே, முகம் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதே. அடுத்து நீதியைத் தேடிப் போகச் சொல்லும் இடத்தில், 'நீதி' என்கிற வார்த்தை அடுத்தடுத்து இரண்டு தடவை!

நாமாக இருந்தால் அச்சுப் பிழை என்று விட்டிருப்போம். யூத குருமார்களான ரபிகள் விடுவார்களா? 'நீதிக்குப் போகிற வழியும் நேர்மையா இருக்கணும், அதான் ரெண்டு தடவை' என்றார்கள் சிலர். அவர்களுடைய தல்மூத் வேறு மாதிரி சொல்கிறது: ஒரு நீதி தீர்ப்புக்கு, இன்னொன்று சமரசத்துக்கு. உதாரணம், ஆற்றில் எதிரெதிரே வருகிற இரண்டு படகு. ரெண்டும் ஒரே நேரத்தில் முண்டினால் ரெண்டும் காலி. காலிப் படகு, சுமையோடு வருகிற படகுக்கு வழி விடணும். ரெண்டும் சமம் என்றால் பேசி முடித்து, முன்னால் போகிறவர் காத்திருப்பவருக்கு ஈடு கொடுக்கணும்.

படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது திருப்பூர் நொய்யல்.

ஒரு படகில், பனியன் துணிக்குச் சாயம் போடுகிற டையிங் பட்டறைகள். எதிரே, கீழ்ப்பகுதி விவசாயிகள். பருத்தியில் சாயம் ஏற உப்பு கொட்ட வேண்டும். அந்த உப்பு துணியோடு போகாது, தண்ணீரோடு போகும். பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியானது. கிணறுகளும் கெட்டன.

2003-ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்பு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2004-ல் சூழல் இழப்பு ஆணையம் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் நஷ்ட ஈடு என்றது. பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். சராசரியாகத் தலைக்கு 8,700 ரூபாய்கூட வரவில்லை!

காசுதான் குறி என்றால், 'இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டுக் குடுங்க' என்று தொகையோடு நின்றிருக்கலாம். சங்கம் நிற்கவில்லை. ஆற்றில் கழிவே விடக்கூடாது என்பதில் பிடிவாதம். 2006-ல் உயர் நீதிமன்றம் அதையே உத்தரவிட்டு, அதுவரை லிட்டருக்கு இத்தனை பைசா அபராதம் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் மூன்று மாதக் கெடு வைத்தது. அபராதத்தைக் கட்டிவிட்டுக் கழிவையும் விட்டால் அது அபராதமா சார்? ஆற்றுக்கு வாடகை!

பிறகு அவமதிப்பு மனு. 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாயப் பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேல்.

தீர்ப்பு சரிதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படகுக் கதை இங்கேதான் உறுத்துகிறது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய 200 கோடி வட்டியில்லாக் கடன் என்று அரசு அறிவித்தது. சரி, சம்பளம் நின்றுபோய் ஊருக்கு மூட்டை கட்டினானே டையிங் தொழிலாளி, அவன் எந்தப் படகில் இருந்தான்? ஆற்றில் உப்பை விடலாம் என்று முடிவு பண்ணியது அவனில்லையே.

இப்போது நிலையங்களில் கழிவைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.