வளரும் முதுகெலும்பின் விளிம்பு

சில வாரங்களுக்கு முன் 15 வயது மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தான். பளு தூக்கும் பயிற்சியில் இடுப்பு 'பிடித்துக்கொண்டு' ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. இருமுறை சுளுக்கு எடுத்தாயிற்று, தைலமும் தேய்த்தாயிற்று, வலி தீரவில்லை. குனியச் சொன்னேன். விரல்கள் முழங்காலைத் தாண்டவில்லை. இருமினால் வலி இடது காலில் இறங்கியது.

வளரும் பருவத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பின் மேல், கீழ் விளிம்புகளிலும் குருத்தெலும்பு வளையம் ஒன்று உண்டு. பள்ளிப்பருவத்தில் அது மெல்ல எலும்பாக மாறத் தொடங்கி, ஏறத்தாழ 18 வயதிலோ அதற்குப் பின்னரோதான் முள்ளெலும்புடன் முழுமையாக ஒன்றுகிறது. டிஸ்க்கின் வெளிநார்கள் இவ்வளையத்தில்தான் ஊன்றியுள்ளன. பெரியவர்களுக்கு மிகுசுமையால் டிஸ்க் கிழியும். பிள்ளைகளுக்கோ நாரைவிட வளையத்தின் இணைப்பே வலுக்குறைந்தது; எனவே வளையத்தின் ஒரு சில்லு பெயர்ந்து பின்னோக்கி நகர்ந்து நரம்பை அழுத்தக்கூடும். பளு தூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தம் ஆகியவற்றில் ஈடுபடும் பிள்ளைகளிடம் இதனைக் காண்கிறோம்.

சில்லு சிறியதாயின் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். இம்மாணவனின் முதல் எக்ஸ்ரேயும் 'இயல்பு' என்றே குறிக்கப்பட்டிருந்தது. எம்.ஆர்.ஐ. நரம்பின் நிலையைக் காட்டும். எலும்புச் சில்லைத் துல்லியமாகக் காட்டுவது சி.டி. ஸ்கேனே. அதில் கதிர்வீச்சு உண்டாதலால் தேவையறிந்தே பரிந்துரைக்கிறோம்.

"இனி உயரமாக வளரமாட்டானா, டாக்டர்?" என்றார் தந்தை. அவ்வச்சம் வேண்டியதில்லை. உயரத்தைத் தருவது முள்ளெலும்பின் மேல், கீழ்ப் பரப்புகளிலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு. விளிம்பு வளையத்திற்கு அதில் பங்கில்லை.

மகனின் கேள்வி வேறு: அடுத்த மாதப் போட்டிக்குச் செல்லலாமா? கூடாது என்றேன். அவன் முகம் வாடியதைக் கண்டும் அதையே மீண்டும் சொல்ல நேர்ந்தது. நரம்புப் பாதிப்பு இல்லாத பலருக்கு ஓய்வு, வலிநிவாரணி, இயன்முறைப் பயிற்சி ஆகியவையே போதும். ஆனால் களத்திற்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். கால் வலுவிழந்தாலோ, சில்லு நரம்பைக் கடுமையாக நெருக்கினாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும்.

பெற்றோர் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். முதுகுவலியுள்ள பிள்ளைக்குச் சிறுநீர் கழிப்பதில் தடையோ, மலம் அடக்க இயலாமையோ, தொடையிடுக்கில் மரமரப்போ தோன்றினால் மறுநாள்வரை காத்திராமல் அன்றே, இரவாயினும், அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வலி இரண்டு, மூன்று வாரங்களைக் கடந்தால் சுளுக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இம்மாணவனுக்கு இப்போது காலில் வலியில்லை. இயன்முறைப் பயிற்சி தொடர்கிறது. அடுத்த முறை பயிற்சியாளரையும் உடன் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு எடையில், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அவருடன் அமர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.