லூனிக் ராக்கெட், அமெரிக்க கோதுமை, விருதுநகர் தேர்தல்

இந்த எபிசோடை நாரணாபுரத்துல உட்கார்ந்து பதிவு பண்றேன். சிவகாசிக்குப் பக்கத்து ஊர். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. இங்கே பட்டாசு ஃபேக்டரின்னு யாரும் சொல்றதில்லை, ‘பட்டாசு ஆபீஸ்’தான். இப்ப என் கையில இருக்கறது ஒரு கடையோட பிரைஸ் லிஸ்ட். அதுல மூணு பேரை மட்டும் படிக்கிறேன்: ஆட்டம் பாம், ஹைட்ரோ பாம், லூனிக் ராக்கெட்.

முதல் ரெண்டும் உங்களுக்கே புரியும். அணுகுண்டு, 1945, ஹிரோஷிமா. ஹைட்ரஜன் குண்டு, 1952-ல் அமெரிக்கா முதன்முதலாக வெடித்துப் பார்த்தது. லூனிக்? 1959-ல் சோவியத் யூனியன் நிலாவை நோக்கி அனுப்பிய லூனா விண்கலங்களை அப்போ மேற்கத்திய பத்திரிகைகள் ‘லூனிக்’னுதான் எழுதின. ஸ்புட்னிக்கோட தம்பி மாதிரி ஒரு பேர். அந்த வருஷம் செப்டம்பரில் லூனா 2 நிலாவில் போய் மோதியது. மனிதன் செய்த ஒரு பொருள் நிலாவைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஆக, பனிப்போரின் தலைப்புச் செய்திகள் தீபாவளி லிஸ்ட்டாக இன்னும் இந்த ஊரில் விற்பனையில் இருக்கு.

சரி, அந்த ரெண்டு பேருக்கும் அப்படி என்ன சண்டை?

அடிப்படையில் ஒரே கேள்விதான். நிலம், ஆலை, வங்கி இதெல்லாம் யார் கையில் இருக்கணும்? தனி ஆள் கையில், சந்தை முடிவு பண்ணட்டும்னு அமெரிக்கா சொன்னது. அரசு கையில், கட்சி திட்டம் போடட்டும்னு 1917 புரட்சிக்கு அப்புறம் சோவியத் சொன்னது. ஹிட்லர் என்ற பொது எதிரி இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே அணி. 1945-ல் அவன் போனதும், ஐரோப்பாவை யார் எப்படிக் கட்டி எழுப்புவது என்ற இடத்தில் முட்டிக்கொண்டார்கள். போரில் இரண்டரைக் கோடிக்கும் மேலான மக்களை இழந்த சோவியத், தன் எல்லையை ஒட்டி நட்பு அரசுகள் வேணும்னு கிழக்கு ஐரோப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் கண்ணுக்கு அது ஆக்கிரமிப்பு. 1947 மார்ச்சில் அதிபர் ட்ரூமன், கம்யூனிசத்தை எதிர்க்கிற நாடுகளுக்குப் பணமும் ஆயுதமும் தருவோம்னு அறிவித்தார். அடுத்த வருஷம் மார்ஷல் திட்டம், பெர்லின் முற்றுகை. 1949-ல் நேட்டோ, அதே வருஷம் ஆகஸ்ட்டில் சோவியத்தும் அணுகுண்டு வெடித்தது. பயம் ரெண்டு பக்கமும் நிஜம். பயத்தைக் காட்டி ரெண்டு பக்கமும் செய்த அட்டூழியமும் நிஜம்.

இதெல்லாம் பாடப்புத்தகத்துல இருக்கு. அதில் அதிகம் வராத ஒரு இடம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கு. விருதுநகர்.

1950-களில் புதுசா சுதந்திரம் வாங்கின நாடுகளைத் தன் பக்கம் இழுக்க ரெண்டு வல்லரசும் போட்டி போட்டு உதவி செய்தார்கள். காமராஜர் அரசு அதை நல்லாவே பயன்படுத்திக்கிச்சு. நெய்வேலி அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் வந்தது. மதிய உணவுத் திட்டத்துக்கு 1961-லிருந்து ‘கேர்’ என்ற அமைப்பு வழியாக அமெரிக்கப் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. அந்தப் பால் பவுடரோட ருசி அவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கலாம்.

ஆனா இலவசமா வர்ற எதுக்கும் ஒரு கயிறு இருக்கும் இல்லையா? அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின்படி நாம் கோதுமையை டாலர் கொடுக்காமல் ரூபாய்க்கே வாங்க முடிந்தது. 1965-ல் மழை பொய்த்தது, 1966-லும் வறட்சி. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பல் வந்தால்தான் சாப்பாடு என்ற நிலைமை.

அந்த நேரத்தில் அதிபர் ஜான்சன் வியட்நாமில் குண்டு போட்டுக்கொண்டிருந்தார். இந்தியா அதைக் கண்டித்தது. ஜான்சனுக்குக் கோபம். விவசாயக் கொள்கையை மாற்று என்ற நிபந்தனையோடு இந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, கோதுமையை மொத்தமாக அனுப்பாமல் மாசா மாசம் அளந்து அனுப்பினார். டெல்லியில் இருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸ், போப்பும் ஐ.நா. தலைவர் ஊ தாண்டும் சொல்வதைத்தானே இந்தியாவும் சொல்கிறது என்று வாஷிங்டனுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவங்க ரெண்டு பேருக்கும் நம்ம கோதுமை தேவைப்படலையே என்பதுதான் அங்கிருந்து வந்த பதில். பனிப்போரை ஒரே வரியில் புரிஞ்சுக்கணும்னா எனக்கு இது போதும்.

1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. முந்தின நாள் வரை டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. அன்றிலிருந்து 7 ரூபாய் 50 காசு. உலக வங்கியும் அமெரிக்காவும் கொடுத்த நெருக்கடி அதன் பின்னால் இருந்தது. அதே ஜனவரியில் இந்திராவைப் பிரதமராக்கியதில் பெரிய பங்கு காங்கிரஸ் தலைவர் காமராஜருக்கு உண்டு. ஆனா இந்த முடிவை எடுக்கும்போது அவரைக் கலந்துக்கவே இல்லை. அவர் கொதித்துப் போனார். அந்த வருஷமே சோவியத்துக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் பயணம் போய் வந்தார்.

அப்புறம் 1967 தேர்தல். ‘ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்’னு தி.மு.க. பேசுது. அரிசி கிடைக்காத ஊரில் அந்தப் பேச்சு எப்படி எடுபட்டிருக்கும்னு நீங்களே யோசிங்க. காமராஜர் போட்டியிட்டது அவர் பிறந்த விருதுநகரில். எதிரில் தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார்.

இங்கே ஒண்ணு சொல்லிடணும். ஜான்சன்தான் காமராஜரைத் தோற்கடிச்சார்னு நாளைக்கு ரீல்ஸ் போட்டுடாதீங்க. 1965 மொழிப் போராட்டம் பெரிய காரணம். இருபது வருஷ காங்கிரஸ் ஆட்சி மேல இருந்த சலிப்பும் இருந்துச்சு. ஆனா அரிசித் தட்டுப்பாடும் விலைவாசியும் அதே அளவு பெரிய காரணம். அந்தப் பஞ்சத்தை எவ்வளவு இறுக்கணும், எவ்வளவு தளர்த்தணும் என்ற முடிவில் ஒரு பகுதி வாஷிங்டனில் இருந்தது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் தி.மு.க.வோட கூட்டணி. ஒரு பக்கம் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, சோவியத் பாணித் திட்டமிடலை எதிர்க்கவே 1959-ல் தொடங்கினது. இன்னொரு பக்கம் மார்க்சிஸ்ட் கட்சி, 1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது பிறந்தது. மாஸ்கோவும் பெய்ஜிங்கும் போட்ட சண்டை அந்த உடைப்பின் காரணங்களில் ஒன்று. உலகத்தில் ஒருத்தரை ஒருத்தர் அழிக்க ஏவுகணை வைத்திருந்த ரெண்டு சித்தாந்தமும் இங்கே ஒரே மேடையில் ஓட்டு கேட்டிருக்கு.

அதே தேர்தலில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் கோபிச்செட்டிப்பாளையத்தில் தோற்றார். 1965-ல் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சரோட பேசி, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் அவர். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை கொண்டுவர வைத்து, பசுமைப் புரட்சிக்கு வழி போட்டவரும் அவர்தான். அது நல்லதா கெட்டதா என்பது தனிச் சண்டை. ஆனா இனிமே எவன் கப்பலுக்கும் காத்திருக்கக் கூடாது என்ற வைராக்கியம் அந்த அவமானத்தில்தான் வந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

மிச்சக் கதை வேகமா ஓடிடும். 1969-ல் காங்கிரஸ் உடைய, இந்திரா ஒரு பக்கம், காமராஜர் இன்னொரு பக்கம். 1971 ஆகஸ்ட்டில் இந்தியா சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். மூணு வருஷத்தில் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லை. ஒப்பந்தம் ரஷ்யா கைக்கு மாறி, இழுத்து இழுத்து, 2013 ஜூலையில்தான் முதல் உலை இயங்க ஆரம்பித்தது.

1971 கப்பல் கதை மட்டும் தனியா ஒரு எபிசோடு தாங்கும். அடுத்த வாரம் அதைப் பேசலாம்.